அடிக்குறிப்பில் கிடைத்த வினைச்சொல்

அந்தச் சொல் கெசியாவுக்கு ஒரு நாவலின் நூற்றெண்பத்து நான்காம் பக்கத்தில், கடைசி வரிக்கும் கீழே, எறும்பு ஊர்ந்தது போன்ற பொடி எழுத்தில் கிடைத்தது.

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் மீன்பிடிக்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் மொழிபெயர்த்திருந்தார். புயலில் போன புருஷனின் படகு பதினோரு நாளாகத் திரும்பவில்லை. வீட்டுக்காரி வலையைத் தைக்கிறாள், ரொட்டி சுடுகிறாள், பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுகிறாள். அழவில்லை. கடலைத் திட்டவுமில்லை. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘பொறுத்திருந்தாள்’ என்று எழுதி, அதன் தலையில் ஒரு நட்சத்திரம் வைத்திருந்தார். கீழே அடிக்குறிப்பு இப்படி இருந்தது:

‘மூலத்தில் தோல் என்ற பழைய வினைச்சொல். எழுத்துகள்: டி, ஹெச், ஓ, எல், இ. பொது ஆங்கிலத்தில் எப்போதோ வழக்கொழிந்தது. வடக்கே சில ஊர்களின் பேச்சில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பொறுத்தல், தாங்குதல், சகித்தல் எல்லாம் இதன் வாசல்வரை போகின்றன. உள்ளே போவதில்லை.’

கெசியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நானூறு பக்கம் மொழிபெயர்த்த மனுஷன் ஒரே ஒரு சொல்லிடம் தோற்றுப்போய், அதை மறைக்காமல் அச்சிலும் போட்டிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது.

“ஏ டீனா, இங்க வாயேன். ஒரு சொல்லு கெடச்சிருக்கு.”

டீனா அவளுடைய அறைத்தோழி. சிங்காநல்லூர் ஹாஸ்டலில் மூன்று வருடமாக ஒரே அறை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கதைப் புத்தகம் என்றால் தலைவலி வரும் ரகம். எட்டிப் பார்த்தாள்.

“தோலா? செருப்புக் கடையில போய்க் கேளு.”

“அந்தத் தோல் இல்ல. இங்கிலீஷ். எழுத்தைப் பாரு.”

பலகையில் எழுத்தடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தின் பையிலிருந்து கெசியா அந்த ஐந்து எழுத்துக் காய்களையும் பொறுக்கி எடுத்து, சாப்பாட்டுத் தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு விரலால் கலைத்தாள். இப்படித் திருப்பினால் ஹோட்டல். அப்படித் திருப்பினால் ஹெலட், அதாவது பழைய கிரேக்கத்தில் ஸ்பார்ட்டாக்காரர்களின் நிலத்தில் மாடாய் உழைத்த அடிமைக் குடியானவன். ஒரு எஸ் சேர்த்தால் ஹாஸ்டல். மறுபடியும் கலைத்தால், படகு திரும்பாத அந்தப் பெண்.

“பாரேன். இருக்கறது ஹாஸ்டல்ல, திங்கறது ஹோட்டல்ல. எல்லாத்தையும் தாங்கிக்கறதுக்கும் அதே எழுத்துதான்.”

“ஹாஸ்டல் சாம்பாரைச் சொல்றயா? அதை உன் ஸ்காட்லாந்துக்காரி வந்தாக்கூடத் தாங்க மாட்டா,” என்று டீனா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கெசியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சொந்த ஊர் தாராபுரம். அப்பா உரக்கடை. அவளுக்கு வேலை கணபதியில், ஒரு பம்புசெட் கம்பெனி அலுவலகத்தில். ‘மோட்டாரை இயக்கும் முன் வால்வு திறந்திருப்பதை உறுதி செய்யவும்’ என்று பம்போடு ஒரு சின்னப் புத்தகம் வருமல்லவா, அதன் தமிழ் அவள் எழுதுவது. அது போக மிச்ச நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்தான். பனி பெய்யும் ஊர்கள், ஆறு மாதம் மழை பெய்யும் ஊர்கள், குதிரை வண்டி போகும் ஊர்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலால் போன ஊரை எண்ணச் சொன்னால் ஊட்டி, பழனி, வேளாங்கண்ணி. அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆசையில் பாஸ்போர்ட் எடுத்தாள். எல்லாப் பக்கமும் வெள்ளையாக இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு வைப்பாள், ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

அந்த வெள்ளைப் பக்கத்துக்கு இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. செப்டம்பரில் கொழும்பில் ஒரு ஸ்க்ராபிள் போட்டி. ஹாஸ்டலிலிருந்து நாலைந்து ஸ்டாப் தள்ளி, ராமநாதபுரம் பக்கம் ஒரு சர்ச்சின் பின்கூடத்தில் ஞாயிறுதோறும் கூடும் குழுவுக்கு அழைப்பு வந்திருந்தது. நான்கு பேர் போகலாம். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காம் இடத்துக்கு இரண்டு பேர் சம புள்ளியில் நின்றார்கள். ஒருத்தி கெசியா. இன்னொருத்தி பூஜிதா.

வருகிற ஞாயிறு ஒரே ஒரு ஆட்டம். ஜெயித்தவள் கப்பலோ விமானமோ ஏறுவாள். தோற்றவள் பம்புசெட் வால்வைத் திறந்துகொண்டிருப்பாள். கெசியா மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் குழுவில் ஒரு விசித்திரமான விதி உண்டு. உலகத்தில் வேறெங்கும் இருக்காது. பெயர் ‘கருப்பாத்தாள் ரூல்’.

குழுவின் செயலாளர் பாக்கியராஜ், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர். ஆட வருகிறவர்கள் அர்த்தமே தெரியாமல் பட்டியல் பட்டியலாகச் சொற்களை உருப்போட்டு வந்து கொட்டுவதைப் பார்த்து அவருக்கு வெறுத்துப்போனது. ஒருநாள் மேசையைத் தட்டி ஒரு சட்டம் போட்டார். சொல் இருக்கிறதா இல்லையா என்று அகராதி சொல்லட்டும். ஆடுகிறவருக்கு அது தெரியுமா தெரியாதா என்று கருப்பாத்தாள் சொல்லட்டும்.

கருப்பாத்தாள் கூடத்துக்கு எதிரில் மெஸ் நடத்துகிறவள். ஞாயிறு மூன்றரைக்கு டீயும் தவல வடையும் கொண்டு வருவாள். ஆங்கில எழுத்தில் அவளுக்குத் தெரிந்தது கேஸ் சிலிண்டர் மேல் இருப்பது மட்டும். ஓர் ஆட்டத்தில் ஒருமுறை, எதிராளி ‘பொருள்’ என்று கேட்கலாம். கேட்டால், சொல்லை வைத்தவர் கருப்பாத்தாளிடம் அதைத் தமிழில் விளக்க வேண்டும். மணல் கடிகாரம் ஒரு நிமிடம். அவள் ‘ஆச்சு’ என்றால் சொல் நிற்கும். ‘ஆகலை’ என்றால் காய்களை எடுத்துக்கொள்ள வேண்டும், முறையும் போச்சு.

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் கருப்பாத்தாள் சிரிப்புக்கு ஆள் இல்லை. மெல்வின் என்ற பையன் கூரை ஓடு வெட்டும் ஒரு கத்தியின் பெயரை வைத்து ஐம்பது புள்ளி எடுத்தபோது, “அப்ப கொத்தனார்கிட்ட இருக்கும். ஆச்சு,” என்றாள். இன்னொருவர் சீனத்து உயிர்மூச்சு பற்றி, “காத்து மாதிரி ஒண்ணுங்க்கா” என்று இழுத்தபோது, “மாதிரி ஒண்ணுன்னா என்ன ஒண்ணு? ஆகலை,” என்றாள். சட்டம் போட்ட பாக்கியராஜே ஒருமுறை மாட்டிக்கொண்டு, முப்பது வருட அனுபவத்தோடு ஒரு நிமிடம் பேசி, கடைசியில் காய்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவள் டீயில் சர்க்கரை மட்டும் கூடப் போட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு வந்தது. ஆனி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த காற்று கூடத்து ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. புள்ளிக் காகிதம் பறக்காமல் இருக்க அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார் பாக்கியராஜ்.

“ஏனுங்க, ரெண்டு பேரும் சாப்பிட்டுத்தானே வந்தீங்க? பாதியில மயக்கம் போட்டு விழுந்தா நான் பொறுப்பில்லைங்க,” என்றார்.

பூஜிதா சிரித்தாள். பீளமேட்டுக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், சரவணம்பட்டி கம்பெனியில் ஆங்கிலம் என்று மூன்றையும் தட்டுத்தடங்கலில்லாமல் பேசுவாள். ஏற்கனவே சிங்கப்பூர், துபாய் எல்லாம் பார்த்தவள். அதற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

“எனக்கு ஊர் பாக்கற ஆசை இல்ல கெசியா,” என்றாள் காய்களை அடுக்கிக்கொண்டே. “எனக்கு ஜெயிக்கற ஆசை. அது உன்னுதை விடப் பெருசு.”

“ஆட்டம் முடியட்டும், அளந்து பாத்துக்கலாம்.”

முதல் அரைமணி நேரம் கெசியாவுக்கு நன்றாகவே போனது. பிறகு பூஜிதாவுக்குக் காய்கள் கொட்டின. ஒரு எக்ஸ், அடுத்த முறையே ஒரு ஜே. இரண்டையும் நல்ல கட்டத்தில் உட்கார வைத்தாள். பை காலியானபோது பூஜிதா முந்நூற்று முப்பத்தெட்டு, கெசியா முந்நூற்று ஒன்று. இனி கையில் இருப்பதை வைத்துத்தான் ஆட வேண்டும். எடுக்க ஒன்றுமில்லை.

கெசியா காய் அடுக்கும் தன் மரச் சட்டத்தைப் பார்த்தாள். டி, ஹெச், ஓ, எல், இ. கூடவே ஓர் ஐ, ஓர் ஆர்.

அந்த ஐந்து பேரும் கூட்டாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பலகையின் கடைசி வரிசையில் ஓர் எஸ் இருந்தது. அதற்கு முன்னால் ஐந்து கட்டம் காலி. அந்த ஐந்தில் முதல் கட்டம் சிவப்பு, அதாவது சொல்லுக்கே மூன்று மடங்கு. ஐந்தெழுத்தையும் வைத்து எஸ்ஸோடு சேர்த்தால் முப்பது புள்ளி. வித்தியாசம் ஏழாகக் குறைந்துவிடும். அப்புறம் ஐ, ஆர் இரண்டையும் எங்காவது தள்ளிவிட்டால் ஆட்டம் கையில்.

எப்படி வைத்தாலும் முப்பதுதான். ஹோட்டலைப் பன்மையில் வைத்தாலும் முப்பது. தோல் என்ற அந்த வினைச்சொல்லை எஸ்ஸோடு வைத்தாலும் முப்பது. புத்தியுள்ளவள் ஹோட்டலை வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். ஹோட்டலுக்கு யாரும் பொருள் கேட்கப் போவதில்லை.

கெசியாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஹெச்சை எடுத்துச் சிவப்புக் கட்டத்துக்கு மேல் கொண்டும் போனாள். ஆனால் கை இறங்கவில்லை. ஒரு வாரமாக அந்தச் சொல் அவளோடு பஸ்ஸில் வந்திருக்கிறது, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. நூறு வருடமாக யாரும் கூப்பிடாத ஒருத்தி வாசலில் வந்து நிற்கும்போது, எப்படி ஹோட்டலை உள்ளே விடுவது? மடத்தனம்தான். புத்தகம் படிக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம்.

ஹெச்சைத் திரும்ப வைத்தாள். டியை எடுத்தாள். டி, ஹெச், ஓ, எல், இ. கடைசியில் எஸ் காத்திருந்தது.

“முப்பது,” என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்தேவிட்டது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த டீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு ஸ்க்ராபிள் தெரியாது. ஆனால் தட்டில் பார்த்த எழுத்துகள் ஞாபகமிருந்தன.

பூஜிதா சொல்லை உற்றுப் பார்த்தாள். பிறகு கெசியாவின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டம் முழுக்க அவள் அந்த ஒரு கேள்வியைச் செலவழிக்காமல் வைத்திருந்தாள்.

“பொருள்.”

“கருப்பாத்தாக்கா,” என்று பாக்கியராஜ் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

“வாரேனுங்க, அடுப்பை அமத்திப்போட்டு வாரேன்.”

கருப்பாத்தாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்து, மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாக்கியராஜ் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்.

“சொல்லு கண்ணு.”

“சகித்துக்கொள்ளுதல்,” என்றாள் கெசியா. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது புத்தகத் தமிழ் என்று உறைத்தது. “அதாவதுங்க்கா, பொறுத்துக்கறது. தாங்கிக்கறது.”

“எதை?”

“கஷ்டத்தை.”

“கஷ்டத்தை எல்லாருந்தான் தாங்கறாங்க. எனக்கு முட்டி வலிக்குது, நான் தாங்கலையா? இதுக்கு எதுக்கு ஒரு தனி சொல்லு?”

நியாயமான கேள்வி. மணல் ஓடிக்கொண்டிருந்தது. கெசியா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“ஒரு பொம்பளைங்க்கா. புருஷன் கடலுக்குப் போயிட்டான். புயல். பதினோரு நாளாச்சு, வரலை. இவ அழுவலை. தேடிட்டுப் போவலை. ஊரைக் கூட்டலை. தினமும் சோறாக்கறா, வலை தைக்கறா, புள்ளைங்களுக்குத் தலை வாரிவிடறா. உள்ள என்ன ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. கையி மட்டும் நிக்கவே இல்லை. அவ பண்றதுதான் இந்தச் சொல்லு.”

ஜன்னல் கொக்கி மட்டும் காற்றில் டக் டக்கென்றது. கருப்பாத்தாளின் முகத்தில் ஏதோ பிடிபட்டது போலிருந்தது. தலை ஆடப்போகிறது என்று கெசியா நினைத்தாள்.

“சரி,” என்றாள் கருப்பாத்தாள். “அவ பண்ணது நல்லதா, தப்பா?”

“என்னங்க்கா?”

“அப்படி இருக்கறது நல்லதுன்னு சொல்றாங்களா, கெட்டதுன்னு சொல்றாங்களா? எம்பட தங்கச்சியும் அப்படித்தான் வாயத் தொறக்காம இருந்தா. ஊரே நல்ல பொம்பளைன்னுச்சு. நான் பைத்தியக்காரின்னேன். இந்தச் சொல்லு எந்தப் பக்கம்?”

கெசியா வாயைத் திறந்தாள். நாவலில் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு நேரம் கும்பிடத் தோன்றியது. இன்னொரு நேரம் தோளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளருக்கே தெரியவில்லை. நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், தலை ஆடிவிடும், முப்பது புள்ளி. கெட்டது என்றாலும் ஆடிவிடும். ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எதைச் சொன்னாலும் பொய்யாகப் போகும் என்று பட்டது.

“தெரியலைங்க்கா,” என்றாள்.

மணல் தீர்ந்தது.

கருப்பாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எனக்கும் மனசு கேக்கலை கண்ணு. ஆனாப் புரிஞ்ச மாதிரி தலையாட்டினா நாளைக்கு எல்லாரும் என்னைய ஏமாத்துவீங்க. ஆகலை.”

“ஏ புள்ள, நல்லதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல,” என்றாள் டீனா, அடக்க முடியாமல்.

“பார்வையாளருங்க பேசக் கூடாதுங்க அம்மணி,” என்றார் பாக்கியராஜ்.

கெசியா ஐந்து காய்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டத்தில் திரும்ப வைத்தாள். முறை போனது. முப்பதும் போனது. போதாததற்கு, தன் கையில் என்னென்ன இருக்கிறது என்பதை எதிராளிக்கு அழகாக அடுக்கிக் காட்டியாகிவிட்டது. கொழும்பு ஒரு பெரிய கப்பல்போலக் கரையை விட்டு மெல்ல விலகிப் போவது அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. நம் ஆள் அப்படித்தான், எதையும் படமாகத்தான் பார்ப்பாள்.

பூஜிதா இப்போது நிதானமாக யோசித்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்த முறை கெசியா அதே இடத்தில் ஹோட்டலை வைப்பாள். அந்த வரிசையை மூடியாக வேண்டும். மேலே ஒரு வி இருந்தது. அதிலிருந்து கீழே இ, என், ஓ, எம் என்று நாலு காயை இறக்கினாள். விஷம் என்று பொருள்படும் சொல். கடைசி எம் போய் அந்த ஐந்து காலிக் கட்டங்களின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. பாதை அடைபட்டது.

“பன்னெண்டு,” என்றாள். முந்நூற்றைம்பது. அவள் கையில் இன்னும் இரண்டே காய்.

“ஆளுக்கேத்த சொல்லுதான்,” என்று டீனா முணுமுணுத்தாள். பாக்கியராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். டீனா வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஐம்பத்தொன்று... இல்லை, நாற்பத்தொன்பது. கெசியாவுக்குக் கணக்கே ஓடவில்லை. நாற்பத்தொன்பது புள்ளி பின்னால் நிற்கிறாள். அடுத்த முறை பூஜிதா அந்த இரண்டு காயையும் இறக்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. மேசைமேல் இருந்த ஆட்டக் கடிகாரத்தில் அவளுக்கு மூன்று நிமிடம் இருந்தது.

ஏழு காய்களையும் கலைத்தாள். மறுபடியும் கலைத்தாள். ஹோட்டல் வந்தது. வைக்க இடமில்லை. ஹெலட் வந்தான். அவனுக்கும் இடமில்லை. அந்த வினைச்சொல் வந்தது. ‘நீ போ, உன்னால்தான் எல்லாம்’ என்று அதை உடைத்தாள். ஐ, ஆர் இரண்டும் ஓரத்தில் அனாதையாகக் கிடந்தன. அவற்றைக் கடைசியில் சேர்த்துப் பார்த்தாள். ஹோட்டலுக்கு வால் முளைத்த மாதிரி ஏதோ ஒன்று வந்தது. முழுசாக இல்லை. நடுவில் ஓர் ஓட்டை. ஐக்கும் ஆருக்கும் இடையில் இன்னோர் இ வேண்டும்.

கையில் இருப்பது ஒரே இ.

கெசியா தலையை நிமிர்த்தினாள். பூஜிதா இறக்கிய சொல்லின் இரண்டாம் எழுத்து இ. அதற்கு இடப்பக்கம் முழு வரிசையும் காலி. வெறும் மைதானம். இத்தனை நேரம் அங்கே எதுவும் தொட்டுக்கொள்ளக் கிடைக்காமல் இரண்டு பேருமே கவனிக்காமல் விட்ட மைதானம்.

எண்ணினாள். இடப்பக்கம் ஆறு, நடுவில் அந்த இ, வலப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் வைக்கிற ஆருக்கு மேலே ஓர் ஓ இருந்தது. அதுவும் சேர்ந்து ஒரு சின்னச் சொல்லாகிறது. தப்பில்லை. மறுபடியும் எண்ணினாள். அவசரத்தில் ஒரு கட்டத்தை இரண்டு முறை எண்ணிவிட்டு, முதலிலிருந்து வந்தாள். ஆறு. இ. ஒன்று. சரியாக இருக்கிறது.

“ஒரு நிமிஷம்,” என்றார் பாக்கியராஜ், கடிகாரத்தைப் பார்த்து.

கெசியா ஹெச்சை வைத்தாள். ஓ. டி. இ. பூஜிதாவின் முகத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. எல். ஐ. ஐயைப் பார்த்ததும் பூஜிதா முன்னால் சாய்ந்தாள். அவள் வைத்த இ அங்கேயே இருந்தது, ஏழாவது எழுத்தாக. அதற்கு அந்தப் பக்கம் கெசியா ஆரை வைத்தாள். வைக்கும்போது காய் கை நழுவிக் கீழே விழுந்து, மேசைக்கடியில் உருண்டது. டீனாதான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தாள். பாக்கியராஜ் இந்த முறை பார்வையாளரைக் கண்டிக்கவில்லை.

ஹோட்டலியர். எட்டெழுத்து. கையிலிருந்த ஏழு காயும் தீர்ந்துவிட்டது.

பாக்கியராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். சொல்லுக்கு இரட்டிப்பு, இருபத்து நாலு. மேலிருந்து வந்த சின்னச் சொல்லுக்கு இரண்டு. ஏழு காயையும் ஒரே முறையில் வைத்ததற்கு ஐம்பது.

“எழுவத்தாறுங்க.”

முந்நூற்று எழுபத்தேழு. பூஜிதா தன் கையிலிருந்த இரண்டு காயையும் சட்டத்தோடு கவிழ்த்து வைத்தாள். அதன் புள்ளியும் கெசியாவுக்குத்தான் போகும்.

“என்ன சொல்லு அது? நானும் பாத்துட்டே இருக்கேன், எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டீங்க,” என்றாள் கருப்பாத்தாள்.

“ஹோட்டல் நடத்தறவங்களுக்குப் பேருங்க்கா,” என்றாள் கெசியா.

“அதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? அதை என்னையக் கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பனே.”

அப்போதுதான் கூடம் சிரித்தது. டீனா ஓடி வந்து கெசியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலுக்கினாள். காய்கள் பலகையில் கலைந்தன. பாக்கியராஜ், “கலைக்காதீங்க, கலைக்காதீங்க, போட்டோ எடுக்கணும்,” என்று கத்திக்கொண்டே போனைத் தேடினார். எங்கே வைத்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கெசியா உட்கார்ந்தபடியே சிரித்தாள். கண் கலங்கியது தெரியாமல் சிரித்தாள்.

பூஜிதா எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கை நீட்டினாள்.

“நான் பொருள் கேக்காம விட்டிருந்தா நீ தோத்திருப்பே. தெரியுமா?”

கெசியா யோசித்துப் பார்த்தாள். முப்பது வாங்கியிருப்பாள். ஏழு புள்ளி பின்னாலேயே நின்றிருப்பாள், ஐயும் ஆரும் கையில் கிடந்திருக்கும். பூஜிதா அந்த வியிலிருந்து இறங்கியிருக்கவே மாட்டாள். அந்த இ அங்கே வந்தே இருக்காது.

“தெரியும்,” என்றாள். “இப்பத்தான் தெரிஞ்சுது.”

“எனக்கு அது நிஜமாவே தெரியாத சொல்லு. உன்னைய மடக்கணும்னு கேட்டேன். ஆனா நீ அந்தப் பொம்பளையப் பத்திச் சொன்னப்ப நான் மணலைப் பாக்க மறந்துட்டேன்.” பூஜிதா கையை விடாமல் குலுக்கினாள். “கேளு. கொழும்புல கருப்பாத்தாக்கா இருக்க மாட்டாங்க. அங்க போயி புடிச்ச சொல்லா வைக்காதே. ஜெயிக்கற சொல்லா வெய்யி. எங்க பேரைக் காப்பாத்து.”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“ரெண்டுக்கும் ஒரே புள்ளின்னா என்ன பண்றது?”

பூஜிதா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு பாக்கியராஜ் பக்கம் திரும்பினாள். “சார், இவளை அனுப்பறீங்க. கூட ஒருத்தரைக் கையைப் புடிச்சுக்க அனுப்புங்க. இல்லாட்டி இவ அங்கயும் போயி இதே வேலை பண்ணிப்போடுவா.”

கெசியா பாக்கியராஜ் நீட்டிய படிவத்தை வாங்கி, நான்காம் எண்ணுக்கு நேரே இருந்த கோட்டில் தன் பெயரை எழுத ஆரம்பித்தாள். முதல் எழுத்து கோட்டை விட்டு மேலே ஏறிவிட்டது. அடித்துவிட்டு மறுபடியும் எழுதினாள்.